நின்ற படம், படுத்த படம்

சென்ற செவ்வாய்க்கிழமை என் வலது முழங்காலைக் காட்டுவதற்காக பிளாக்டவுனில் ஒரு டொக்டரிடம் போயிருந்தேன். பத்தரைக்கு நேரம் தந்திருந்தார்கள். பத்து நாற்பத்தாறுக்குக் கூப்பிட்டார்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எதற்கும் நேரம் குறித்து வைப்பது என் பழக்கம். வீட்டில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது, டொக்டருக்குத்தான் புதிது. மதுரைப் பெண், என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம்.

“காலையில எந்திரிச்சதும் முட்டி இறுக்கமா இருக்கா?”

“ஓம். பதினேழு நிமிசம் இருக்கும்.”

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். “சுமாரா சொன்னாப் போதும் ஆன்ட்டி.”

“சுமாராத் தான் சொன்னனான். பதினாறிலயிருந்து பத்தொன்பது வரைக்கும் போகும்.”

நாட்குறிப்பை எடுத்துக் காட்டினேன். பதினொரு நாள் கணக்கு அதில் இருந்தது. அவர் அதைச் சிரிக்காமல் படித்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. படி இறங்கும்போது வலிக்கிறதா, வீங்குகிறதா, எங்கேயாவது விழுந்தேனா என்று கேட்டார். முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“தேய்மானம்தான். பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல. பயிற்சி எழுதித் தர்றேன், தினமும் செய்யணும்.”

“எக்ஸ்ரே?”

“வேணாம்.”

“எம்.ஆர்.ஐ.?”

“அது சுத்தமா வேணாம். முட்டி பூட்டிக்கிட்டா, அடிபட்டா, இல்ல ஆபரேஷன்னு முடிவானா எடுக்கலாம். இப்ப நீங்க சொன்னதே போதும். ஆமா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“எக்ஸ்ரே எடுக்கிறன்” என்றேன்.

அதற்குத்தான் அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வாழ்நாளில் பாதியை அடுத்தவர்களின் முழங்கால்களைப் படம் எடுத்துக் கழித்த எனக்கு, என் முழங்காலுக்கு ஒரு படம் கிடைக்கவில்லை. டொக்டரின் கடிதம் இல்லாமல் நானாக என் காலை எடுக்கச் சட்டம் இடம் தராது. அவர் சொன்னது முழுக்கச் சரி என்பதும் எனக்குத் தெரியும். என்னிடம் வருபவர்களிடம் நானே அப்படித்தான் சொல்லிவருகிறேன். ஆனாலும் நீட்டிய கை வெறுமையாகத் திரும்பியது போல இருந்தது. கூடவே இந்த ‘ஆன்ட்டி’ வேறு. உலகத்தையெல்லாம் அன்ரி அன்ரி என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தவள் நான். எந்த நாளில் அந்தக் கதிரைக்கு மாறி உட்கார்ந்தேன் என்று என் நாட்குறிப்பில் எங்கேயும் இல்லை.

வெளியே வந்தால் பக்கத்துக் கடையில் மீனும் உருளைக்கிழங்கும் பொரிக்கிறார்கள். யாரோ பொதியைப் பிரித்து வினாகிரியைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு இருட்டறை ஞாபகம் வந்துவிட்டது.

எக்ஸ்ரே பிலிம் கழுவும் மருந்துக்கு இதே வாடைதான். நான் வேலைக்குச் சேர்ந்தது பிலிம் காலத்தின் கடைசி வருடங்களில். ரயில் நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன கிளினிக். இருட்டறை ஒரு குளியலறை அளவுதான் இருக்கும். கதவைச் சாத்தி, சிவப்பு விளக்கைப் போட்டு, பிலிம் இருக்கும் தட்டைத் திறந்து, பிலிமை விரல் நுனியில் பிடித்து எந்திரத்தின் வாயில் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து அது மறுபக்கம் வரும்போது, இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே இருந்து எடுத்த துணி போல வெதுவெதுப்பாக இருக்கும். அந்த இரண்டு நிமிடமும் எனக்குப் பிடிக்கும். யாரும் கூப்பிட முடியாது. கதவைத் திறந்தால் பிலிம் கெட்டுவிடும் என்ற ஒரே காரணத்தால் உலகம் என்னை அங்கே விட்டுவைத்தது. வீட்டுக்கு வந்தால் அம்மா மட்டும், “அச்சாறுப் போத்தலுக்கை விழுந்து எழும்பி வாறியோ?” என்று கேட்பார்.

பிலிமைப் பெரிய மண்ணிற உறையில் போட்டு ஆட்களின் கையிலேயே கொடுத்துவிடுவோம். ரயிலில் எதிரே இருப்பவர் மடியில் அந்த உறை இருந்தால், அவர் உடம்பில் ஏதோ நடக்கிறது என்று முழுப் பெட்டிக்கும் தெரியும். எங்கள் வீடுகளில் அதற்குக் குடியுரிமைப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இடம். எனக்குத் தெரிந்த ஓர் அங்கிள் அதன் பின்பக்கத்தில் கலியாண வீட்டுச் சாமான் பட்டியல் எழுதியிருந்தார். அவருடைய முழங்கால் படத்தைப் பார்த்தால் எலும்பும் எலும்பும் முட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் தேர்த் திருவிழாவில் முதல் ஆளாக வடம் பிடிப்பார். “என்ரை காலுக்குப் படம் பாக்கத் தெரியாது பிள்ளை” என்பார். படம் ஒன்றைச் சொல்லும், கால் வேறொன்றைச் சொல்லும் என்று அவரைப் பார்த்தே நான் உசாராக இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அது புரிவதற்குப் பரமேஸ் அன்ரி வர வேண்டியிருந்தது.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம். முழங்காலில் தேய்வது எலும்பு அல்ல, எலும்புகளின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. அது எக்ஸ்ரேயில் விழாது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே தெரியும் கறுப்பு இடைவெளிதான் அது இருக்கிறது என்பதற்கு அடையாளம். இடைவெளி குறைந்தால் குருத்தெலும்பு குறைந்திருக்கிறது என்று பொருள். ஆனால் ஆள் படுத்திருந்தால் காலில் பாரம் இல்லை. தேய்ந்த மூட்டிலும் இடைவெளி நன்றாக இருப்பது போலக் காட்டும். எழுந்து நின்று உடம்பின் பாரம் இறங்கும்போதுதான் உண்மை தெரியும். ஆகவே எங்கள் கிளினிக்கில் விதி ஒன்றே ஒன்று: முழங்கால் என்றால் நிற்க வைத்து எடு. அதற்கென்று கைப்பிடி வைத்த இரண்டு படி மரப்பலகை இருந்தது. நின்று எடுத்த படம் என்று காட்ட, பிலிமின் மூலையில் மேல்நோக்கிய சின்ன ஈய அம்புக்குறி ஒன்றை வைப்போம். அது படத்தில் வெள்ளையாக விழும்.

பரமேஸ் அன்ரி கிரவீனில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். என் அம்மாவுக்கு ஒப்பரேசன் நடந்தபோது ஒன்பது நாள் இரண்டு நேரமும் சாப்பாடு கொண்டுவந்து தந்தவர். ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. காலையில் ஆறரைக்குப் போனால் பின்னேரம் வரை நின்றபடியே உடுப்பு மடிக்க வேண்டும். அன்றைக்கு வேலை முடிந்து நேரே வந்திருந்தார். சீருடையில் சலவைத்தூள் மணம். கிளினிக்குக்கு இறங்கிவரும் படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்ததை நான் உள்ளே இருந்து பார்த்தேன்.

“பிள்ளை, விடியத்தொடக்கம் நிண்டது. இனி ஒரு நிமிசமும் நிக்கேலாதடி.”

மரப்பலகையைப் பார்த்தேன். அன்ரியைப் பார்த்தேன். எங்களுக்குச் சோறு சுமந்துகொண்டு வந்த கால். வலியோடு வந்திருக்கும் ஒரு பெரிய மனிசியைப் பார்த்து ‘ஏறி நில்லுங்கோ’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அன்ரிக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். அவரை இரண்டு தரம் ஏற்றி இறக்கினேன், கூச்சமே இல்லை. அன்ரிக்கு மட்டும் மேசையில் தலையணை போட்டு, “நீங்கள் ஆறுதலாச் சரிஞ்சு படுங்கோ அன்ரி” என்றேன்.

“கடவுள் உனக்கு ஒரு குறையும் விடமாட்டார்” என்றபடி அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்புக்குறியை நான் வைக்கவில்லை. பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுக்கு நேர்மை இருந்தது. வாயைத் திறந்து சொல்லும் அளவுக்கு இருக்கவில்லை. படம் அருமையாக வந்திருந்தது. கதிர்ப்படங்களை வாசித்து அறிக்கை எழுதும் எங்கள் பெரிய டொக்டர், ஓரங்களில் சின்ன எலும்பு முட்கள், மூட்டு இடைவெளி நன்றாக இருக்கிறது, வயதுக்கு ஏற்றதே என்று எழுதினார். அவர் ஒரு நாளைக்கு எழுபது எண்பது படம் பார்ப்பவர். எல்லா முழங்காலும் நின்றே வரும் கிளினிக்கில், மூலையில் இல்லாத ஒரு சின்ன அம்பு அவர் கண்ணில் படவில்லை.

இரண்டு வாரத்துக்குப் பிறகு, தமிழ்க்கடையில் மரக்கறி எடுத்துக்கொண்டிருந்தபோது அன்ரியைக் கண்டேன். தள்ளுவண்டியை ஊன்றுகோல் போலப் பிடித்திருந்தார்.

“உன்ரை படம் நல்ல வடிவா வந்திருக்காம் பிள்ளை. காலிலை ஒண்டும் இல்லையாம்.”

“பிறகேன் அன்ரி நொண்டுறியள்?”

“அது தான் எனக்கும் விளங்கேல்லை.”

விசயம் இதுதான். சலவை அறையில் கதிரையில் உட்கார்ந்தபடி செய்யும் வேலை ஒன்று காலியாகியிருந்தது. அங்கே இருப்பவர்களின் உடுப்பில் பெயர்த்துண்டு தைக்கும் வேலை. டொக்டரின் கடிதம் இருந்தால் அன்ரிக்குத் தருவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். குடும்ப டொக்டரோ, அறிக்கையில் ஒன்றுமில்லாதபோது எதை வைத்துக் கடிதம் எழுதுவது என்று கேட்டுவிட்டார். வேலையில் கூட நிற்பவர்கள், அன்ரி கதிரை கேட்டு நடிக்கிறார் என்று காதில் விழும்படி பேசத் தொடங்கியிருந்தார்கள். மகனும் கையை விரித்துவிட்டான்.

“அவன் சொல்லுறான், ‘எக்ஸ்ரே நோர்மல் அம்மா, யூ ஆர் ஜஸ்ட் டயர்ட்’ எண்டு. அடுத்த கிழமைக்குள்ளை கடிதம் குடுக்காட்டி அந்தக் கதிரை வேறை ஆளுக்குப் போயிடும்.” கத்தரிக்காய் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். “எனக்குத் தான் மனசிலை ஏதும் வருத்தமோ எண்டு இப்ப யோசிக்கிறன் பிள்ளை. படம் பொய் சொல்லுமோ?”

எனக்குக் கையில் இருந்த பை கனத்தது. வீட்டுக்கு வந்து நாட்குறிப்பை எடுத்தேன். என் எழுத்திலேயே இருந்தது: ‘பரமேஸ் அன்ரி. வலது முழங்கால். படுக்க வைத்து எடுத்தேன். பாவம், களைத்துப்போயிருந்தார்.’ நல்ல காரியம் ஒன்று செய்த திருப்தியோடு எழுதியிருக்கிறேன். பாவம் என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு.

அந்தக் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஆறு மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். எனக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதையும் நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் அது இந்தக் கட்டுரையில் முதல் பொய்யாகிவிடும். ஆனால் அன்ரி தன் காலையே நம்பாமல் போய்க்கொண்டிருந்தார். அன்றிரவே இரண்டு தெரு நடந்து அன்ரியிடம் பிலிம் உறையை வாங்கிவந்தேன். மறுநாள் காலை எட்டு ஐந்துக்குப் பெரிய டொக்டரின் அறைக்குள் போய், பிலிமை விளக்குப் பெட்டியில் செருகி, “இது படுக்க வைத்து எடுத்தது. நான்தான் எடுத்தேன்” என்று சொன்னேன்.

அவர் அப்பிளைச் சீவிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுப் படத்துக்குக் கிட்ட வந்தார்.

“அம்பு எங்கே?”

“வைக்கவில்லை.”

“ஏன் படுக்க வைத்தாய்?”

“எனக்குத் தெரிந்தவர். வயதில் மூத்தவர். நிற்கச் சொல்ல மனம் வரவில்லை.”

“அம்பு இல்லை என்பதை நான் பார்த்திருக்க வேண்டும். அது என் பிழை. மற்றது உன் பிழை” என்றார். “அவருடைய டொக்டரோடு நான் பேசுகிறேன். நீ அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடு. இந்த முறை தலையணை வேண்டாம்.”

அன்ரி வியாழக்கிழமை வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் மரப்பலகையைத்தான் பார்த்தார்.

“இதிலை ஏற வேணுமோ?”

“ஓம் அன்ரி. ரெண்டு காலிலையும் ஒரேயளவு பாரம் குடுத்து நில்லுங்கோ. கைப்பிடியிலை சாயாதேங்கோ.”

“அண்டைக்கே சொல்லியிருந்தால் நிண்டிருப்பனே. நான் உன்னட்டைச் செல்லம் கேட்டோ வந்தனான்?”

ஏறினார். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் இரண்டு கால்களையும் நேராக்கி, அம்புக்குறியை ஒட்டி, எக்ஸ்ரே பெட்டியின் ஒளியை முழங்கால் நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

இருட்டறையில் அந்த இரண்டு நிமிடமும் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பிலிம் வெதுவெதுப்பாகக் கைக்கு வந்தது. இடது முழங்காலில் நல்ல கறுப்பு இடைவெளி. வலது முழங்காலின் உட்பக்கத்தில் தலைமயிர் அளவு கோடு, அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

எங்கள் வழக்கத்தில் இல்லாத ஒன்றைப் பெரிய டொக்டர் அன்றைக்கு அனுமதித்தார். அன்ரியை உள்ளே கூப்பிட்டு இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

“இது படுத்த படம் அன்ரி. இது நிண்ட படம்.”

“ரெண்டும் என்ரை கால் தானோ?”

“அதே கால் தான்.”

அவர் கிட்டப் போய், இடைவெளி இல்லாமல் போன இடத்தில் விரலை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “நான் என்ன, படுத்துக்கிடந்தோ உடுப்பு மடிக்கிறனான்?” என்றார்.

தமிழ் விளங்காத பெரிய டொக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அன்ரி கடிதத்தோடு நிற்கவில்லை. பிலிமையும் கொண்டுபோய்ச் சலவை அறை யன்னலில் பிடித்து, தன்னைப் பற்றிப் பேசியவர்களைக் கூப்பிட்டு வரிசையாகக் காட்டினாராம். திங்கட்கிழமை கதிரை அவருக்கு வந்தது. என் வேலையும் மூன்று வாரத்தில் நிரந்தரமானது. அந்த ஆறு மாத முடிவில் என்னைப் பற்றிய அறிக்கையில் பெரிய டொக்டர் என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது. அன்ரியோ அதற்குப் பிறகு எனக்கு விளம்பர முகவரே ஆகிவிட்டார். “அவளட்டைப் போங்கோ. ஆனால் கெஞ்சிப் பிரயோசனமில்லை, நிக்க வைச்சுத் தான் எடுப்பாள்.” பல வருடம் கழித்து அவருக்கு முழங்கால் மாற்றும் ஒப்பரேசன் நடந்தபோதும், அளவு பார்க்கும் படங்களை நான்தான் எடுத்தேன். நிற்க வைத்து. இன்றுவரைக்கும் என்னிடம் படுத்தபடி முழங்கால் படம் எடுத்தவர் பரமேஸ் அன்ரி ஒருவர்தான், எழுந்து நிற்கவே முடியாதவர்களைத் தவிர.

அன்ரி வேறு மாநிலத்தில், பொயிண்ட் குக்கில் இருக்கும் மகனிடம் குடிபோகும்போது சாமான் கட்ட நான் போனேன். இரண்டு பிலிமும் இருந்த மண்ணிற உறையை எடுத்து அன்ரி பங்கு பிரித்தார். “நிண்ட படம் எனக்கு. படுத்த படம் உனக்கு.” அது இப்போதும் அந்த வருட நாட்குறிப்புக்குள் இருக்கிறது. அட்டைக்குள் அடங்காமல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து அதை எடுத்து, அடுப்புக்கு மேலே இருக்கும் குசினி யன்னலில் பிடித்துப் பார்த்தேன். வேறு எங்கே பிடிப்பது? விளக்குப் பெட்டிகளை எல்லாம் எப்போதோ கழற்றி எறிந்துவிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த கிளினிக்கில் இப்போது தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். என் இருட்டறையில்தான் அவர்களுடைய பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. நான் வேலை செய்யும் இடத்தில் படம் கணினியில் நொடியில் வந்து விழுகிறது. சூடும் இல்லை, மணமும் இல்லை. ரயிலில் யார் மடியிலும் உறை இல்லை. நின்று எடுத்ததா என்று ஒரு பொத்தானை அழுத்தினால் எழுத்தில் விழுகிறது. ஈய அம்புக்குறி என் மேசை இழுப்பறையில் ஊசிகளோடு கிடக்கிறது.

அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தேன். முழங்கால் தேய்மானம் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி எனக்குத் தெரிந்ததுதான்.

“நிக்க வைச்சோ எடுத்தவை?”

“எடுக்கவே இல்லை அன்ரி. எங்கை நோகுது, எவ்வளவு நேரம் எண்டு டொக்டர் கேட்டவ. சொன்னன். அவ அதை எழுதிப்போட்டா.”

“வாயாலை சொன்னது காணுமாமோ?”

“காணுமாம். படம் தேவையில்லையாம்.”

மறுமுனையில் அன்ரி தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்.

“நல்லது” என்றார் அன்ரி. “எனக்கு ரெண்டு படம் தேவைப்பட்டது.”